வசனமும் கையெழுத்தும்: தங்கவயலிலிருந்து ஒரு வாசிப்பு

சுரங்கத் தொழிலை விவிலியம் நின்று நிதானித்துப் பேசும் இடம் யோபு 28ஆம் அதிகாரம். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் குழி வெட்டி, கயிற்றில் தொங்கி, இருட்டுக்குள் இறங்குகிற மனிதர்கள் அதில் வருகிறார்கள். மேலே பயிர் விளைகிறது. அதே நிலத்தின் அடிவயிறு நெருப்புப் பட்டதுபோல் புரண்டு கிடக்கிறது. பருந்தின் கண்ணுக்கும் எட்டாத பாதையை மனிதன் கண்டுபிடித்துவிட்டான் என்று வியந்துகொண்டே வரும் அந்தக் கவிதை, பாதியில் வேறு பக்கம் திரும்புகிறது. இவ்வளவு ஆழம் போனவனுக்கு ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறது. அது எந்தச் சுரங்கத்திலும் இல்லை, பொன்னை நிறுத்துக் கொடுத்தாலும் வராது என்கிறது. யோபு நூலுக்குள் இந்த அதிகாரத்தைப் பேசுவது யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தனியாக நின்ற கவிதை ஒன்று பிறகு சேர்க்கப்பட்டது என்போரும் உண்டு.

கோலார் தங்கவயலில் இந்த அதிகாரத்துக்கு உரை எழுதத் தேவையில்லை. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து இறங்கியது. வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், நான்கு தலைமுறை அந்தக் குழிகளில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் பக்கத்து கிஃபோர்ட் ஷாஃப்ட் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டியது. பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை ஊரார் 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். வீட்டில் பாத்திரம் அதிர்ந்தால் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினார்கள். ஏறத்தாழ 800 டன் பொன்னை மேலே அனுப்பிவிட்டு, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

மாரிக்குப்பம், உரிகம், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை என்று சிதறிக் கிடக்கும் இந்த ஊரில் கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என எல்லாச் சபையும் உண்டு. விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அன்றாடம் எடுக்கும் முடிவுகளோ சின்னவை: மச்சானுக்கு ஜாமீன் போடலாமா, குழுக் கடனில் சேரலாமா, மகனை பெங்களூர் அனுப்பலாமா, குடிப்பவனுக்குப் பெண் கொடுக்கலாமா, மருந்து சாப்பிடலாமா. இந்த முடிவுகளுக்கு விவிலிய ஞானம் எப்படிப் பயன்படுகிறது, எங்கே பயன்படாமல் போகிறது என்ற கேள்வியில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றைப் படித்துவிட்டு வரும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. விவிலியம் எளியவனுக்குச் சொன்ன புத்திமதியை நாம் விடாமல் பிரசங்கிக்கிறோம். அதே புத்தகம் வலியவனுக்குப் போட்ட கட்டளையை அதோடு சேர்த்து வாசிப்பதில்லை. தனிமனிதத் தேர்வு என்ற பேச்சே அந்தப் பாதி வாசிப்பிலிருந்து வளர்ந்ததுதான்.

முதலில், வசனத்தை விடையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தட்டில் வைத்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்பது தமிழ்ச் சபைகளில் பரவலான பழக்கம். அந்த வசனம்தான் அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கும். மூத்த மகளுக்கு வரன் அமையுமா என்ற கவலையோடு எடுத்த அட்டையில் 'வாசல் திறக்கும்' என்ற பொருள்பட ஏதேனும் வந்தால் போதும், பேச்சு முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. படித்த கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கும் அளவுக்கு இது புதிதும் அல்ல, நம்முடையது மட்டும் அல்ல.

திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்ப்பது சைவர்களின் பழைய வழக்கம். பிள்ளையில்லாத அச்சுத களப்பாளர் அப்படிப் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது, அங்கே போய் வழிபட்டார், மெய்கண்டார் பிறந்தார் என்பது சைவ சித்தாந்த மரபின் கதை. கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீன் பவுலின் நிருபத்தைத் திறந்து கண்ணில் பட்ட பகுதியால் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொராவிய சகோதரர்கள் தங்கள் சபையில் திருமண முடிவுகளைக்கூடச் சீட்டுப்போட்டு எடுத்தவர்கள். 1818இல்தான் அவர்களின் பொதுப்பேரவை சாதாரண உறுப்பினர்களின் திருமணத்துக்கு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. மெதடிஸ்டுகளின் முன்னோர் ஜான் வெஸ்லியும் 1737இல் ஜார்ஜியாவில் சோஃபி ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா என்று சீட்டு எழுதிப் போட்டவர்தான். 'இனி நினைக்காதே' என்ற சீட்டு வந்தது, விட்டுவிட்டார். அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்ட பிறகு வெஸ்லி அவருக்கு நற்கருணை மறுத்ததும், அது வழக்காகி அவர் ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதானதும் தனிக்கதை. சீட்டு முடிவைத் தரும். மனசை ஆற்றாது போலும்.

விவிலியத்திலும் சீட்டு இருக்கிறது. யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத்தான் எடுத்தார்கள். கிதியோன் ஆட்டுத்தோலை விரித்து அடையாளம் கேட்டான். ஆனால் அந்த அப்போஸ்தலர் நடபடிகளிலேயே, பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு, பெரிய முடிவு வரும்போது சபை கூடுகிறது, வாதிடுகிறது, கடிதம் எழுதுகிறது. சீட்டு மறுபடி வரவில்லை.

இந்த விவாதத்துக்கு அமெரிக்க எவாஞ்சலிக்கல் உலகத்தில் ஒரு திருப்பம் 1980இல் வந்தது. ஒவ்வொருவருக்கும் இன்ன வேலை, இன்ன துணை என்று கடவுள் தனித்தனியாக வரைந்து வைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடிப்பதே விசுவாசியின் கடமை என்ற பொதுக் கருத்தை கேரி ஃப்ரீசன் தடிமனான ஒரு நூலில் மறுத்தார். கட்டளை இருக்கும் இடத்தில் கீழ்ப்படி. இல்லாத இடத்தில் உனக்குச் சுதந்திரம் உண்டு, ஞானத்தோடு தேர்ந்துகொள் என்பது அவர் நிலை. புரூஸ் வால்ட்கி இன்னும் ஒரு படி போய், கடவுளின் சித்தத்தைக் 'கண்டுபிடிக்க' முயல்வதே புறசமயக் குறிகேட்பின் மிச்சம் அல்லவா என்று 1995இல் தலைப்பிலேயே கேட்டார். கத்தோலிக்க மரபு இதை வேறு பாதையில் அணுகியது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்த இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் முடிவெடுக்க ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது: முன்பின் தெரியாத ஒருவன் இதே சிக்கலோடு உன்னிடம் வந்தால் என்ன சொல்வாய்? சாகும் நேரத்தில் எந்த முடிவை எடுத்திருக்க வேண்டும் என்று நினைப்பாய்? எனக்கு இவை மூன்றிலும் இஞ்ஞாசியாரின் முறையே பிடிக்கிறது, ஏனென்றால் அது ஆளைத் தன்னிடமிருந்து நகர்த்தி நிற்க வைக்கிறது. ஆனால் மூவருமே ஒன்றை எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்கிறார்கள்: முடிவெடுப்பவனுக்கு முன்னால் இரண்டு வழியாவது திறந்திருக்கிறது என்று.

நீதிமொழிகள் நூல் இப்படி ஒற்றைக் குரலில் பேசுவதே இல்லை. 26ஆம் அதிகாரத்தில் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று ஒரு வசனம். அதற்கு அடுத்த வசனமே அவனுக்குப் பதில் சொல் என்கிறது. தொகுத்தவருக்கு இது தெரியாமல் நடந்திருக்காது. எந்த இடத்தில் எது பொருந்தும் என்று பார்ப்பதே படிப்பவனின் வேலை என்று விட்டுவிட்டார்கள். அந்த நூலின் சரக்கு முழுவதும் இஸ்ரவேலில் விளைந்ததும் அல்ல. 22ஆம் அதிகாரத்தின் நடுவிலிருந்து வரும் பகுதி அமெனெமொப்பே என்ற எகிப்தியரின் அறிவுரை நூலோடு நெருங்கி ஒத்துப்போவதை 1924இல் அடோல்ஃப் எர்மன் காட்டினார். கடைசி அதிகாரம் லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் சொன்னது. வெளியூர் ஞானத்தை எடுத்துக்கொள்ள அந்தத் தொகுப்பாளர்கள் கூச்சப்படவில்லை.

தமிழில் கிறிஸ்தவம் அச்சேறிய காலத்திலும் அந்தப் பெருந்தன்மை இருந்தது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, இரண்டே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் ஆக்கினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலை பார்த்த கிறிஸ்தவர். 1859இல் வெளிவந்த அவருடைய நீதிநூலை எந்த மதத்தவரும் தயக்கமின்றிப் படிக்கலாம். தங்கவயலில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன்களிலும் ஞானத்துக்கு ஒரே கடை இருந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் 1907 வாக்கில் கிளை எழுந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளைக் காத்து அச்சிட்டதில் தங்கவயல் பௌத்தர்களின் பங்கு பெரிது. சுரங்கத்தில் ஒரே கேஜில் இறங்கிய பௌத்தனும் மெதடிஸ்டும் குடியை, சூதை, சாதியைப் பற்றி மேலே வந்து என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கச் சுவையாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் குறள் தெரிந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

நீதிமொழிகளுக்கு ஓர் அடிப்படைக் கணக்கு உண்டு: உழைப்பவன் உயர்வான், சோம்பேறி கெடுவான். செய்ததன் பலன் செய்தவனிடமே திரும்பும் என்ற இந்த இணைப்பைப் பற்றி கிளவுஸ் கோக் 1955இல் எழுதிய கட்டுரையிலிருந்து பெரிய விவாதம் கிளம்பியது. 1970இல் வந்த கெர்ஹார்ட் ஃபான் ராட்டின் நூல் அதை ஆழப்படுத்தியது. சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுத்துவந்து 2001இல் வேலையிழந்த ஒரு டிம்பர்மேனிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். முப்பது வருடம் ஒரு ஷிப்ட் தவறாதவனும், திங்கட்கிழமை தோறும் மட்டம் போட்டவனும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். இதைச் சொல்ல யோபுவைத் தேடிப் போக வேண்டாம். நீதிமொழிகள் 13:23லேயே இருக்கிறது: ஏழையின் நிலம் நன்றாகத்தான் விளைகிறது, அநியாயம் அதை வாரிக்கொண்டு போகிறது என்ற கருத்து. சோம்பேறியையும் எறும்பையும் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்த வசனத்தின் மேல் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

தேர்வு என்பதே கம்பெனி காலத்தில் எவ்வளவு குறுகியதாக இருந்தது என்பதை ஜானகி நாயர் மைசூர் சமஸ்தானத்துத் தொழிலாளர் வரலாற்றில் விவரமாக எழுதியிருக்கிறார். வீடு கம்பெனியுடையது, லைனுக்குள் வருவோர் போவோர் கணக்கும் அவர்களிடம். 1930இல் கைரேகைப் பதிவு கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தனி ஆளாக அதை மறுக்க வழியில்லை, சேர்ந்து மறுத்தார்கள். அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த தலித் இறையியல் கேட்பதும் இதுதான்: யாருடைய அனுபவத்திலிருந்து வேதத்தை வாசிக்கிறீர்கள்?

குடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீதிமொழிகள் 23இன் முடிவில் குடிகாரனின் சித்திரம் இருக்கிறது. அடித்தும் வலி தெரியாமல் கிடந்து, எழுந்ததும் மறுபடி கோப்பையைத் தேடுகிறவன். எந்த லைனிலும் அவனை அடையாளம் காட்டுவார்கள். கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தை ஒழித்தது. பாக்கெட் போய்ப் பாட்டில் வந்தது. வியப்பு என்னவென்றால் 31ஆம் அதிகாரம். லேமுவேலின் தாய் குடிக்கக் கூடாது என்று சொல்வது ராஜாக்களுக்கு, அவர்கள் எளியவனின் வழக்கைப் புரட்டிவிடக் கூடாது என்பதற்காக. மனம் கசந்து மடிகிறவனுக்கு அதைக் கொடுங்கள், வறுமையை மறக்கட்டும் என்கிறாள். மதுவிலக்குக் கூட்டத்தில் இதை வாசிக்க முடியாதுதான். ஆனால் குடியின் குற்றத்தை முதலில் அதிகாரத்தில் இருப்பவன் பக்கம் வைத்த அந்தத் தாயின் பார்வையை ஒதுக்கிவிட்டு, கூலிக்காரனை மட்டும் திட்டுவது எப்படி விவிலிய ஞானமாகும்?

மருந்து விஷயம் தங்கவயலுக்கு மிக நெருக்கமானது. இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் பதிவானது இங்கேதான், 1934இல். 1940க்கும் 1946க்கும் இடையில் சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினரிடம் அந்த நோய் இருந்தது. நுரையீரலில் படிந்த பாறைத் தூளை எந்த மருந்தும் எடுக்காது. கூடவே வரும் காசநோய்க்கு மருந்து உண்டு. மருந்தைத் தொடாமல் ஜெபத்தை மட்டும் நம்புவதே விசுவாசம் என்று போதிக்கும் பெந்தெகொஸ்தே பிரிவுகள் தமிழரிடையே இன்றும் இருக்கின்றன. கத்தோலிக்க விவிலியத்தில் இதற்கு நேரடியான பதில் உண்டு: சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்து மண்ணிலிருந்து கடவுளே படைத்தது என்கிறது, ஜெபிக்கவும் சொல்கிறது, பிறகு மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. புரொட்டஸ்டண்ட் விவிலியத்தில் அந்த நூல் இல்லை. ஒரே தெருவில் இரண்டு கிறிஸ்தவ வீடுகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் கையிலிருக்கும் புத்தகமே வேறு.

மெதடிஸ்டுகளுக்கு வேறொரு துணை உண்டு. பணத்தைப் பற்றி வெஸ்லி 1760இல் வெளியிட்ட பிரசங்கம், நிறையச் சம்பாதி, நிறையச் சேமி, நிறையக் கொடு என்ற மூன்று விதிகளாகச் சுருங்கிப் புகழ்பெற்றது. முதல் விதிக்கு அவர் போட்ட நிபந்தனைகளை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. உடம்பைக் கெடுக்கும் தொழிலில் சம்பாதிக்காதே என்கிறார். உதாரணமாகச் சொல்வது பாஷாணத்தோடும் அதுபோன்ற தீய கனிமங்களோடும் புழங்கும் வேலைகளை, உருகும் ஈயத்தின் புகையைச் சுவாசிக்கும் வேலைகளை. தங்கவயலில் பொன்னைப் பிரிக்கும் சயனைட் ஆலையில் வேலை பார்த்த ஒரு மெதடிஸ்டுக்கு இது எப்படி ஒலித்திருக்கும்? வேறு வேலைக்குப் போகும் வாய்ப்பு இருந்தவனுக்கே அது அறிவுரை. மற்றவர்களுக்கு அது கம்பெனியின் மேல் வைத்த குற்றச்சாட்டு.

இருப்பதா, போவதா என்பது 2001க்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் நடந்த வாதம். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயில்கள் பங்காருபேட்டை வழியாக ஆயிரக்கணக்கானவர்களை பெங்களூருக்குக் கொண்டுபோய், இருட்டிய பிறகு திருப்பிக் கொண்டுவருகின்றன. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை என்ற நடுவழி இது. வாக்குத்தத்த அட்டைகளிலும் காலண்டர்களிலும் அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்களைப் பற்றிய நினைவுகள் தீமைக்கல்ல, நல்ல முடிவுக்கே என்ற பொருளுடையது. அட்டையில் அதற்கு முந்தின வசனம் இருப்பதில்லை. அதில் எழுபது வருடம் என்று இருக்கிறது.

அந்த வசனம் நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கூட்டத்துக்கு முன்னால் சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் உடைத்துப் போடுகிறான். எரேமியாவோ வந்த இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்நிய நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதுகிறார். தங்கவயலில் ஒவ்வொரு தேர்தலிலும் சுரங்கம் திறக்கும் என்ற பேச்சு வருகிறது. 2013இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய ஏலத்துக்கு வழிவிட்டபோது இனிப்பு கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது பழைய கழிவு மேடுகளைச் சலித்துப் பொன்னெடுக்கும் திட்டத்துக்கு. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு மறுபடி ஆள் இறங்கும் கதை அது அல்ல. நல்ல வாக்கை எல்லாம் நம்பித் தள்ளிப்போட்ட முடிவுகளுக்கு விவிலியம் தரும் எச்சரிக்கை அனனியாதான். இன்னொன்றும் உண்டு. சுரங்கம் மூடிக் கணக்கு முடித்தனுப்பும்போது கையில் கொடுத்த தொகையை மொத்தமாக மகளின் கல்யாணத்திலோ மைத்துனன் கடையிலோ போட்டவர்களுக்குப் பிரசங்கி 11ஆம் அதிகாரம் உதவியிருக்கும்: என்ன ஆபத்து வரும் என்று தெரியாததால் பங்கை ஏழெட்டாகப் பிரித்து வை. நவீன முதலீட்டு ஆலோசகர் சொல்வதும் அதுவே. பிரசங்கி கட்டணம் வாங்கவில்லை.

கடனுக்கு வருவோம். விவிலிய ஞானம் அன்றாடத்தில் மிகவும் கூர்மையாக வெட்டும் இடம் இதுதான். நீதிமொழிகள் ஆறேழு இடங்களில் ஜாமீனைப் பற்றிப் பேசுகிறது, எல்லாமே எச்சரிக்கை. ஆறாம் அதிகாரத்தில் அவசரமே தொனிக்கிறது: கையடித்துக் கொடுத்துவிட்டாயா, தூங்காதே, இப்போதே போய்க் கெஞ்சி விடுவித்துக்கொள், வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோல் தப்பு. 22ஆம் அதிகாரத்தில், கட்ட வழியில்லாமல் படுக்கையை உருவிக்கொண்டு போக ஏன் இடம் கொடுக்கிறாய் என்கிறது. சங்கக் கடனுக்கோ பைக் கடனுக்கோ கையெழுத்துப் போட்டு, கடன் வாங்கியவன் ஊரைவிட்டு ஓடியதும் சம்பளத்தில் பிடித்தம் கட்டியவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அந்த அனுபவத்துக்கு இதைவிட நேரான வசனம் கிடைக்காது.

ஆனாலும் விவிலியம் இதோடு நிற்கவில்லை. பென்யமீனுக்காக யூதா தகப்பனிடம் தன்னையே ஜாமீனாக வைக்கிறான். அந்தக் குடும்பம் பிழைத்தது அதனால்தான். ஒநேசிமு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுது, நான் தருவேன் என்று பிலேமோனுக்குப் பவுல் எழுதுகிறார். எபிரெயர் நிருபம் இயேசுவையே பிணையாளி என்கிறது. சீராக் 29 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: நல்லவன் அயலானுக்குப் பிணை நிற்பான், பிணை நின்று அழிந்தவர்களும் பலர், உன் சக்திக்கு ஏற்ப உதவு, நீ விழுந்துவிடாமல் பார்த்துக்கொள். ஒரு வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோலவே இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் கையெழுத்து மறுப்பது உறவை முறிப்பதுதான். தங்கச்சி புருஷன் கேட்டு வந்து நிற்கும்போது நீதிமொழிகள் 6ஐ மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்த முடியாது. யூதாவும் சீராக்கும் சேர்ந்தால் கேள்வி மாறுகிறது: இவனுக்காக நான் இழக்கத் தயாரான தொகை எவ்வளவு?

இன்றைய கடனோ மச்சான் கேட்கும் கையெழுத்தில் நிற்பதில்லை. வங்கதேசத்தில் முகமது யூனுஸின் கிராமீன் வங்கி பரப்பிய குழுப்பொறுப்பு முறை இன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. பத்துப் பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதாவது நீதிமொழிகள் தவிர்க்கச் சொன்ன ஜாமீன், தவிர்க்க முடியாதபடி கடனுக்குள்ளேயே தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் 'யோசித்து முடிவெடு' என்று சொல்வதில் அர்த்தமில்லை; பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வேறு வாசல் அவளுக்கு இல்லை. 2022இல் ரிசர்வ் வங்கி, குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து போகக்கூடாது என்று வரம்பு வைத்தது. பாதி என்பதே எவ்வளவு பெரிய பகுதி என்று மாதக் கடைசியில் அரிசி வாங்கியவர்களுக்குத் தெரியும்.

இங்கே விவிலியத்தின் மற்ற பாதியைத் திறக்க வேண்டும். உபாகமம் 24 பேசுவது கடன் கொடுத்தவனிடம்: திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது அவன் சோறு, அடகு எடுக்க வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், ஏழையின் போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு. லேவியராகமம் 25 வட்டியே வாங்காதே என்கிறது. தவணை வசூலுக்கு வருபவர் பீரோவரை போகும் தெருக்களில், வெளியே நில் என்ற அந்தக் கட்டளைக்கு இன்னும் வேலை இருக்கிறது. கடன் வாங்கியவன் அடிமை என்ற நீதிமொழிகள் 22:7ஐச் சொல்லிக் கடனே வாங்காதே என்று முடிக்கும் பிரசங்கம், அடிமைப்படுத்தியவன் யார் என்ற கேள்விக்குப் போகாமலேயே ஆமென் சொல்லிவிடுகிறது.

தங்கவயலிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் கோலார் நகரத்தில் 2009இல் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். பட்டுத் தொழில் சரிந்திருந்த நேரம். குறுங்கடன் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்து, ஒரே பெண் நாலைந்து குழுவில் இருந்தாள். அஞ்சுமன் என்ற முஸ்லிம் சமூக அமைப்புகள் முஸ்லிம் பெண்கள் தவணை கட்ட வேண்டாம் என்று அறிவித்தன; ராமநகரம், சிட்லகட்டாவிலும் அதேபோல் நடந்தது. அதைக் கடன் ஒழுக்கத்தின் சீர்குலைவு என்று எழுதியவர்கள் உண்டு. பெண்கள் வெளியே போய்க் கூட்டம் சேர்வது பிடிக்காத ஆண்களின் வேலை என்று பார்த்தவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். எப்படியானாலும் தனித்தனிப் பெண்ணின் சொந்த முடிவாக இருந்த கடனை ஒரு மதச் சமூகம் பொது வழக்காக எடுத்தது அங்கே. கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த அவசரச் சட்டம், மிரட்டி வசூலிப்பவர்களுக்குப் பத்து ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கு அது பொருந்தவில்லை.

விவிலியத்தில் இதற்கு இணை நெகேமியா 5. நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக விட்டவர்கள் தங்கள் மனைவிகளோடு வந்து கூச்சலிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் அல்ல, சொந்த ஜனம். நெகேமியா அவர்களுக்குச் சிக்கன உபதேசம் செய்யவில்லை. பெரிய மனிதர்களைக் கூட்டி எல்லார் முன்னிலும் விசாரிக்கிறான். தானும் தன் சகோதரர்களும் கடன் கொடுத்தவர்கள்தான் என்று ஒப்புக்கொண்டு, இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்கிறான். நிலங்களோடு, வாங்கிய நூற்றுக்கு ஒன்றையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான். அதை மாத வட்டி என்றே உரையாசிரியர்கள் பலரும் கொள்கிறார்கள். கணக்குப் போட்டால் வருடத்துக்குப் பன்னிரண்டு. இன்று அடகு வைக்க நகையில்லாமல் அவசரத்துக்குத் தெருவில் வாங்குகிறவர் மாதம் நூற்றுக்கு ஐந்தும் பத்தும் கொடுக்கிறார். கொடுப்பவரும் வாங்குபவரும் பல நேரம் ஒரே சபையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.